மூளைக்கு உருமாதிரி கண்ட அறிஞர் ஆலன் டூரிங்

அறிஞர்தம் வரலாற்றைக் கற்பதால் நமக்கு இரு வகைப் பயன் உண்டு. அவர் கண்ட உண்மை யாது என அறிந்துகொள்வது ஒன்று. அவ்வுண்மையைக் காணும் வண்ணம் அவரை ஆக்கிய வாழ்க்கை யாது என உணர்ந்துகொள்வது மற்றொன்று. சிலருடைய வரலாற்றில் இவ்விரண்டும் பாலும் நீரும்போலக் கலந்து நிற்கும். அத்தகையோருள் ஒருவர், இவ்வாண்டு மலருக்கென நாம் எடுத்துக்கொண்ட ஆலன் டூரிங் என்னும் கணித மேதை ஆவார்.

1912ஆம் ஆண்டில் பிறந்து 1954ஆம் ஆண்டில், நாற்பத்திரண்டு வயதும் நிரம்பாமல் மறைந்த இவ்வறிஞரே, இன்று நம் இல்லந்தோறும் புகுந்துவிட்ட கணிப்பொறிக்கு அடிப்படைக் கருத்தை வகுத்தளித்தவர். இரண்டாம் உலகப் போரிலே பகைவரின் மறைமொழிகளை உடைத்தவர் என்பதும் பலர் அறிந்த செய்தி. பலரும் அறியாத செய்திகள் இரண்டு உள. மனித மூளையில் உள்ள நரம்பு வலையைக் கணிப்பொறியிலே உருமாதிரியாக அமைத்து இயக்கிப் பார்க்கலாம் என்னும் கருத்தைத் தொடக்கக் காலத்திலேயே எண்ணி எழுதியவர்களுள் அவர் ஒருவர் என்பது முதற் செய்தி. அவர்தம் குடும்பம் நம் தமிழ் மண்ணோடு நெருங்கிய தொடர்பு உடையது என்பது இரண்டாம் செய்தி. இரண்டாவதிலிருந்தே நாம் தொடங்குவோம்.

பிறந்த குடி

கோயமுத்தூருக்கு அருகில் உள்ள போத்தனூர்ச் சந்திப்பை நம்மில் அறியாதார் இலர். அவ்வூரிலேதான் 1881ஆம் ஆண்டில் டூரிங்கின் அன்னையார் எதல் சாரா ஸ்டோனி பிறந்தார். அம்மையாரின் தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி, சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராய் உயர்ந்தவர். துங்கபத்திரை ஆற்றின்மேல் பாலம் அமைத்தவர். மின்விசிறி வருவதற்கு முன்னர்ப் பெரிய வீடுகளின் கூரையிலே பங்கா தொங்கும். அதனைக் கயிற்றால் இழுத்து அசைப்பர். அதற்கென ஓசையின்றிச் சுழலும் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து உரிமை பெற்றவரும் இவரே. மின்னணுவுக்கு எலெக்ட்ரான் என்னும் பெயரை 1891இல் சூட்டிய ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி இக்குடும்பத்தாருக்குத் தூரத்து உறவினர். பின்னாளில் மின்னணுக் கணிப்பொறிக்கு வித்திட்டவர் இக்குடியிலே தோன்றியது ஓர் அரிய பொருத்தம் அன்றோ?

தந்தையார் ஜூலியஸ் டூரிங், இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் தேறியவர். அப்பணிக்கு ஆயத்தமாகும் காலத்தில் இந்தியச் சட்டத்தோடு தமிழ் மொழியையும் பயின்று, 1896இல் இறுதித் தேர்வில் ஏழாமிடம் பெற்றுச் சென்னை மாகாணத்திற்கு வந்து சேர்ந்தார். நீலகிரியில் பெற்றோருடன் வாழ்ந்த எதல் அம்மையாரை அவர் தாயகம் திரும்பும் கப்பலிலே கண்டார். 1907இல் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் திருமணம் நிகழ்ந்தது. மூத்த மகன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தான். மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், கூடலூர் வழியாக உதகை செல்லும் நம்மவர், அதற்கு அப்பால் உள்ள குன்னூருக்கும் சென்றிருப்பர். அம்மலையூரே இக்குடும்பத்திற்குத் தாய்வீடாய் விளங்கிற்று.

பின்னர்ப் பார்வதிபுரம், விசாகப்பட்டினம், அனந்தப்பூர், கர்நூல் எனத் தந்தையார் பணி நிமித்தம் ஊர் ஊராய்ச் சென்றார். 1911இல் இன்று ஒடிசாவைச் சேர்ந்த சத்ரபூரில் இருந்தபோது அம்மையார் மீண்டும் கருவுற்றார். குடும்பம் விடுமுறையில் இங்கிலாந்து சென்றது. 1912 ஜூன் 23ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஆலன் பிறந்தார்.

பிரிவிலே வளர்ந்த பிள்ளை

அக்காலத்து ஆங்கில அலுவலர் தம் குழந்தைகளை இந்திய நாட்டின் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சித் தாயகத்திலேயே விட்டுவருதல் வழக்கம். டூரிங் தம்பதியரும் அவ்வாறே செய்தனர். தந்தையார் முன்னரே பணிக்குத் திரும்பிவிட, ஆலனுக்கு ஒன்றேகால் வயது இருக்கையில் 1913இல் அன்னையாரும் கப்பலேறினார். அண்ணனும் தம்பியும் கடற்கரை ஊராகிய செயின்ட் லெனார்ட்ஸில் படைத்தலைவர் ஒருவரின் இல்லத்திலே வளர்ந்தனர். பெற்றோர் வருவர், சில திங்கள் தங்குவர், மீண்டும் செல்வர். முதல் உலகப் போரின்போது கடற்பயணம் ஆபத்தாயிற்று. அதனால் அன்னையார் 1916 முதல் சில ஆண்டுகள் மக்களோடு தங்கினார். அதன்பின் மீண்டும் பிரிவே.

பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களின் மனநிலை நமக்குப் புதிதன்று. கல்விக்காகப் பிள்ளையைப் பாட்டன் பாட்டியிடம் விட்டுவந்த பெற்றோர் நம் குடியிருப்பிலும் உள்ளனர். பொருள் அனுப்பலாம், மடல் எழுதலாம், மடியில் இருத்திக் கதை சொல்லல் இயலாது. அவ்வின்மை பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதை அளந்து கூற யாரால் இயலும்? ஆலன் தனித்திருந்தான், தானே கற்றான். ஆறு வயதளவில் ஒரு முதற்பாட நூலைக் கொண்டு மூன்று வாரத்திலே தானாகப் படிக்கக் கற்றுக்கொண்டான் என்று அன்னையார் பிற்காலத்தில் எழுதிவைத்தார். பத்து வயதிலே அவன் கைக்கு வந்த அறிவியல் நூலொன்று, உடல் என்பது எண்ணிறந்த உயிரணுக்களால் ஆகிய ஓர் எந்திரம் என்று விளக்கிற்று. அக்கருத்து அவனை விட்டு நீங்கவே இல்லை.

பதின்மூன்றாம் வயதில், 1926 மே மாதம், ஷெர்போர்ன் என்னும் ஊரில் உள்ள பள்ளியில் சேர அவன் கடல் கடந்து சவுதாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கினான். நாடெங்கும் பொது வேலைநிறுத்தம்; இரயில் ஓடவில்லை. சிறுவன் சோர்ந்து திரும்பினானல்லன். மிதிவண்டியில் ஏறி அறுபது மைல் தொலைவை இரண்டு நாளில் தனியே கடந்து பள்ளியை அடைந்தான். அவனது உறுதியை இந்நிகழ்ச்சி காட்டும். அவன் தனிமையையும் காட்டும்.

அப்பள்ளியில் கிறிஸ்டபர் மார்க்கம் என்னும் மாணவன் அவனுக்கு நண்பனாய் வாய்த்தான். கணிதத்தையும் வானியலையும் சேர்ந்து பேசி மகிழ ஒருவன் கிடைத்தது அவன் வாழ்வில் அதுவே முதன்முறை. அந்நட்பு நீடிக்கவில்லை. மார்க்கம் 1930 பெப்ரவரி 13ஆம் நாள் காசநோயால் மாண்டான். நண்பனின் உடல் மறைந்தது. அவனுடைய அறிவும் அன்பும் எங்கே சென்றன? உயிர் உடலோடு எவ்வாறு பிணைந்திருந்தது? இவ்வினாக்கள் இளைஞராகிய டூரிங்கை வாட்டின. நண்பனின் தாயாருக்கு அவர் இதுபற்றி ஒரு கட்டுரையே எழுதி அளித்தார். மனம் என்பது யாது என்னும் அவருடைய ஆராய்ச்சி, நூலகத்திலே பிறந்ததன்று. இத்துயரத்திலே பிறந்தது என்று கருத இடமுண்டு.

எண்ணும் எந்திரம்

1931இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த டூரிங், 1935இல், இருபத்திரண்டாம் வயதிலேயே, அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார். 1936இல் அவர் எழுதிய ஆய்வுரை அவரது பெயரை நிலைநாட்டிற்று. அதன் கருத்தை எளிமையாகச் சொல்வோம். கணக்கர் ஒருவர் கட்டமிட்ட தாளில் கணக்கிடுவதை நோக்குவோம். ஒரு கட்டத்தில் உள்ள குறியைப் பார்க்கிறார்; விதிப்படி அதனை மாற்றுகிறார்; அடுத்த கட்டத்திற்கு நகர்கிறார். இவ்வளவே. இச்செயலை ஓர் எந்திரமும் செய்யும். மேலும், எந்த எந்திரத்தின் விதிகளையும் எழுத்தில் வடித்துக் கொடுத்தால், அவற்றைப் படித்து அவ்வெந்திரம்போலவே நடந்துகொள்ளும் பொது எந்திரம் ஒன்றும் அமைத்தல் கூடும். இன்றைய கணிப்பொறி ஒரே பெட்டியாயிருந்து கணக்கும் எழுதி, படமும் காட்டி, பாட்டும் பாடுவது இப்பொதுமையினாலேதான்.

பின்னர் அவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு தங்கி முனைவர் பட்டம் பெற்றார். 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிளெச்லி பூங்கா என்னும் மறைவிடத்தில் ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை உடைக்கும் பணியிலே அமர்ந்தார். போலந்து நாட்டுக் கணித அறிஞர் முன்பே இட்ட அடித்தளத்தின்மேல் அவர் புதிய எந்திரத்தை வகுத்தார். அது 1940இல் இயங்கத் தொடங்கிற்று. கடற்படையின் மறைமொழியை உடைத்த குழுவிற்கும் அவரே தலைமை தாங்கினார். இப்பணி பல ஆண்டுகள் மறைபொருளாகவே காக்கப்பட்டமையால், அவர் வாழ்ந்த காலத்தில் உலகம் அதனை அறியவில்லை.

மூளையின் உருமாதிரி

மனத்தை ஆராயும் கலை அக்காலத்தில் நம் மைசூருக்கும் புதிதன்று என்பதை ஈண்டுக் குறித்தல் தகும். டூரிங் பள்ளிச் சிறுவனாய் இருந்த 1924ஆம் ஆண்டிலேயே மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றிவிட்டது. இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் அறிஞரிடம் பயின்று வந்த பேராசிரியர் எம். வி. கோபாலசாமி அதனை நடத்தினார். 1935இல் தம் இல்லத்திலிருந்து வானொலியை ஒலிபரப்பி, ஆகாசவாணி என்னும் பெயர் வழங்கக் காரணமாயிருந்த பெருமகனும் அவரே. ஸ்பியர்மனும் அவர் மாணாக்கரும் வினாக்களைக் கேட்டு, விடைகளை அளந்து, அறிவின் தன்மையை வெளியிலிருந்து ஆராய்ந்தனர். டூரிங்கோ உள்ளேயிருந்து ஆராய விழைந்தார். மூளையைப்போல் ஒன்றை ஆக்கிப் பார்த்தால் மூளை விளங்கும் என்பது அவர் நோக்கு.

மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று இன்று கணக்கிடுகின்றனர். ஒவ்வொரு நரம்பணுவும் பிற நரம்பணுக்களிடமிருந்து துடிப்புகளைப் பெறுகிறது. அவை போதிய அளவு சேர்ந்தால் தானும் ஒரு துடிப்பை வெளியிடுகிறது. 1943இல் அமெரிக்காவில் மெக்கல்லக், பிட்ஸ் என்னும் இருவர், இத்தகைய அணுக்களின் வலையைத் தருக்க நெறியால் விளக்கலாம் எனக் காட்டினர். ஆயின் வலை எவ்வாறு கற்கிறது என்னும் வினா எஞ்சி நின்றது.

போர் முடிந்தபின் டூரிங் 1945இல் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, ஏஸ் என்னும் மின்னணுக் கணிப்பொறிக்குத் திட்டம் வகுத்தார். அரசினர் எதிர்நோக்கியது விரைவாகக் கணக்கிடும் கருவி. அவர் உள்ளத்திலிருந்ததோ வேறு. அக்காலத்தில் ராஸ் ஆஷ்பி என்னும் மனநோய் மருத்துவர், மூளையின் தன்மையைக் காட்டத் தனி எந்திரம் ஒன்றைக் கட்ட முயன்றுகொண்டிருந்தார். அவருக்கு 1946இல் டூரிங் எழுதிய மடலில், கணக்குப் போடுவதைவிட மூளையின் செயலுக்கு மாதிரி காண்பதிலேயே தமக்கு நாட்டம் மிகுதி என்பதைத் தெரிவித்தார். தனி எந்திரம் கட்டுதல் வேண்டா. விதிகளை எழுதிக் கொடுத்தால் பொதுக் கணிப்பொறியே அம்மாதிரியாய் நடந்து காட்டும் என்றும் அறிவுறுத்தினார். நரம்பு வலையை மென்பொருளாக எழுதி இயக்கும் இன்றைய கலையின் கருத்து இம்மடலிலே தெளிவாக இடம்பெற்றுவிட்டது.

1947இல் ஆய்வகத்தினரின் இசைவோடு ஓராண்டு விடுப்பெடுத்துக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். அங்கே எந்திரத்தின் அறிவைப் பற்றி எண்ணி, 1948இல் ஓர் அறிக்கை எழுதினார். பிறந்த குழந்தையின் மூளைப்புறணி ஒழுங்கமையாத எந்திரம் போன்றது. தக்க பயிற்சியால் அது ஒழுங்கமைந்து அறிவுடையதாகிறது என்பது அவ்வறிக்கையின் உட்கருத்து.

அவர் வகுத்த வலையின் அமைப்பைச் சற்றே காண்போம். நம் இல்லத்துப் பெண்டிர் விடியற்காலையில் வாயிலில் புள்ளிக்கோலம் இடுவர். புள்ளிகளை ஓர் அணுக்கூட்டமாகக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு இழைகள் வேறு புள்ளிகளிலிருந்து வந்து சேரும். வரும் இரு குறிகளும் ஒன்று என்றால் அப்புள்ளி சுழியைத் தரும். வேறு எவ்வாறாயினும் ஒன்று எனத் தரும். இந்த எளிய விதி ஒன்றைக் கொண்டே எல்லாத் தருக்கச் செயல்களையும் கட்டி முடிக்கலாம் என்பது கணிதம் கண்ட உண்மை. இப்புள்ளிகளைத் திட்டமின்றிக் கண்டவாறு இணைத்துவிடுவர். பின்பு ஒவ்வோர் இழையிலும் ஒரு சிறு தடுக்கு வைப்பர். அது திறந்தால் குறி மாறிச் செல்லும், மூடினால் செல்லாது. பயிற்சி என்பது எத்தடுக்கைத் திறப்பது, எதனை மூடுவது என்று படிப்படியாய் அமைத்தலே. கோலமிடுவோர் இழையைத் தேர்ந்து வரைவர். இங்கோ எல்லா இழைகளும் முன்னரே உள. வேண்டாதவற்றை அடைத்துக் கோலத்தை வெளிப்படுத்துகிறோம். போதிய அளவு பெரிய வலையாயின், அதனைப் பொதுக் கணிப்பொறியாகவும் பயிற்றலாம் என்று அவர் கருதினார். இன்பமும் துன்பமும் போன்ற இரு குறிகளால், நற்செயலை நிலைநிறுத்தியும் தவற்றைக் கலைத்தும் பயிற்றும் மற்றொரு வகையையும் வகுத்துக் காட்டினார்.

அப்போது அவருக்குப் பயன்படக்கூடிய கணிப்பொறி ஒன்றும் ஆயத்தமாகவில்லை. ஆகவே தாளும் எழுதுகோலுமே அவர்க்குக் கருவிகளாயின. பயிற்சியின் ஒவ்வொரு படியையும் கையாலேயே நடத்திப் பார்த்தார். மின்னணு எந்திரம் இயங்கத் தொடங்கியபின், வலையையும் அதற்குப் பாடம் புகட்டும் முறையையும் சேர்த்தே விதிகளாக எழுதி உள்ளே செலுத்திவிடலாம் என எதிர்பார்த்தார். எந்திரம் சில காலம் தானே பயிலும். பின்னர்ப் பள்ளிக்கூட ஆய்வாளர் திடீரென வந்து மாணாக்கரின் தேர்ச்சியைச் சோதிப்பதுபோல நாம் சென்று பார்க்கலாம் என்றும் அவர் நயம்பட எழுதினார்.

இவ்வறிக்கைக்கு நேர்ந்த கதி யாது? ஆய்வகத்தின் இயக்குநர் சார்லஸ் கால்டன் டார்வின், உயிர்களின் தோற்றம் பற்றி எழுதிய பேரறிஞர் டார்வினின் பேரர். அவரோ இதனைப் பள்ளி மாணவன் கட்டுரை எனக் கருதி ஒதுக்கினார். ஆசிரியர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1968இல்தான் அது அச்சேறிற்று. பின்னாளில் நரம்பு வலையை ஆராய்ந்தோர் பலர் இதனை அறியாமலே தம் வழியில் நடந்தனர்.

தனித்த மனிதனும் கூடிய சமூகமும்

அவ்வறிக்கையில் நம் உள்ளத்தைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. மனிதன் தனித்திருந்தால் அறிவாற்றலைப் பெறுவதில்லை. பிற மனிதர் நடுவே அமிழ்ந்திருந்து, முதல் இருபது ஆண்டுகளில் அவர்தம் முறைகளை உள்வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். புதுமை காணும் பணியும் தனி ஒருவரின் பணியன்று, மனித சமூகம் முழுவதின் பணி என்னும் கருத்தை அவர் அங்கே நிறுவுகிறார். அறுபது மைல் தனியே மிதிவண்டி ஓட்டிய சிறுவன், தந்தையார் கடல் கடந்திருக்கத் தானே எழுத்தறிந்த சிறுவன், வளர்ந்து மேதையான பின்னர் கண்ட முடிபு இது! தனிமையில் வளர்ந்தவரே தனிமையில் அறிவு வளராது என்று கூறுவாராயின், அச்சொல்லுக்கு எடை மிகுதி அன்றோ?

1948இல் டூரிங் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். அவ்வூரிலேதான் அவ்வாண்டு ஜூன் 21ஆம் நாள், நினைவகத்தில் விதிகளைச் சேமித்து இயங்கும் முதல் மின்னணுக் கணிப்பொறி ஓடத் தொடங்கியிருந்தது. அங்கிருந்த புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் ஜெப்ரி ஜெபர்சன், 1949இல் ஆற்றிய பேருரையில், உணர்ச்சியால் உந்தப்பட்டுக் கவிதை எழுதும் வரையில் எந்திரத்தை மூளைக்கு ஒப்பாகக் கொள்ள இயலாது என வாதிட்டார். அதற்கு விடையாகவும் அமைந்தது டூரிங் 1950இல் மைண்ட் என்னும் இதழில் எழுதிய கட்டுரை. மறைவில் நின்று விடையளிப்பது மனிதனா எந்திரமா எனப் பிரித்தறிய இயலுமா என்னும் சோதனையை அதிலே முன்வைத்தார். அதனினும் பயனுடைய பகுதி கட்டுரையின் இறுதியில் உள்ளது. முதிர்ந்தவரின் மனத்தைப் படைக்க முயல்வதைவிடக் குழந்தையின் மனத்தைப் படைத்து அதற்குக் கல்வி ஊட்டுதலே நேர்வழி என்றார் அவர். கண்ணும் கால்களும் இல்லாத எந்திரம் எப்படிக் கற்கும் எனக் கேட்போர்க்கு, பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையாரை எடுத்துக்காட்டி, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே ஏதேனும் ஒரு வழியில் இருபுறமும் செய்தி சென்றுவந்தால் கல்வி நிகழும் என விளக்கினார். மானச கங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு செவிப்புல நிறுவனத்திற்குத் தம் குழந்தையைக் கொண்டு சென்ற பெற்றோர் இவ்வுண்மையை நன்கு உணர்வர். செய்தி செல்லும் வழியைத் திறந்துவிட்டால், குழந்தையின் மூளை தன் பணியைத் தானே தொடங்கிவிடுகிறது.

1951இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டூரிங், அக்காலத்தில் உயிர் வளர்ச்சியை ஆராயத் தொடங்கினார். ஒரே தன்மையாயிருந்த கரு, கையும் காலுமாய், வரியும் புள்ளியுமாய் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை 1952இல் வெளிவந்த கட்டுரையில் கணித நெறியால் விளக்கினார். அதற்கான கணக்குகளைக் கணிப்பொறியில் இயக்கியும் பார்த்தார். மூளையின் ஆராய்ச்சியை அவர் கைவிட்டார் என எண்ணற்க. உடலின் வளர்ச்சி விளங்கினால் மூளையின் கட்டமைப்பும் ஒருநாள் விளங்கும் என்பதே அவரது எண்ணம் என, ஜே. இசட். யங் என்னும் உடற்கூற்று அறிஞருக்கு அவர் 1951இல் எழுதிய மடலால் அறிகிறோம்.

இறுதி ஆண்டுகள்

இனி நாம் கூறப்போவது துயரமான பகுதி. மலரின் பக்கங்களில் இதனை விட்டுவிடலாமோ என்று எண்ணுவோரும் இருப்பர். விட்டுவிட்டால் வரலாறு உண்மையாகாது.

டூரிங் ஆண்பாலாரையே விழையும் இயல்பினர். அவ்வியல்பு இங்கிலாந்தில் அந்நாளில் தண்டனைக்குரிய குற்றம். 1952இல் தம் வீட்டில் நிகழ்ந்த திருட்டைப் பற்றிக் காவலரிடம் முறையிடச் சென்றவரே குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். சிறை புகாதிருத்தற்கு அவர்க்கு விதிக்கப்பட்ட மாற்று, ஓராண்டுக் காலம் பெண்பால் இயக்குநீரை உடலிலே ஏற்றுக்கொள்ளுதல். போரிலே நாட்டைக் காத்தவர், நாட்டின் மறைபணிக்கும் ஏற்றவரல்லர் என விலக்கப்பட்டார். 1954 ஜூன் 7ஆம் நாள் வில்ம்ஸ்லோவில் தம் இல்லத்தில் அவர் உயிர் நீங்கியது. சயனைடு நஞ்சால் தாமே உயிர் துறந்தார் என விசாரணை முடிவு செய்தது. அன்னையார் அதனை ஏற்கவில்லை. வேதியியல் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே இறுதிவரை நம்பினார். மகனது வரலாற்றை 1959இல் நூலாக எழுதி வெளியிட்டார். போத்தனூரில் பிறந்த அவ்வம்மையார் 1976 வரை வாழ்ந்தார்.

சமூகத்தின் நடுவிலேதான் மனிதன் அறிவு பெறுகிறான் என்று எழுதியவரை அச்சமூகமே தனிமைப்படுத்திற்று. 2009இல் பிரிட்டிஷ் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013இல் அரசியார் குற்றத்தினின்று விடுவித்தார். 2021இல் ஐம்பது பவுன் பணத்தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. ஆங்கிலேயர் நம் நாட்டில் விட்டுச்சென்ற இத்தகைய சட்டப்பிரிவின் கீழ், வயது வந்தோர் மனமொத்து வாழ்தல் குற்றமாகாது என நம் உச்ச நீதிமன்றமும் 2018இல் தீர்ப்பளித்தது. நீதி வந்தது நன்றே. வந்த காலத்தில் அதனைப் பெற அவர் இல்லை.

அவர்க்குப் பின்

அவர் மறைந்த 1954ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பார்லி, கிளார்க் என்னும் இருவர், கண்டவாறு இணைந்த நரம்பு வலை ஒன்றைக் கணிப்பொறியில் அமைத்துப் பயிற்றிக் காட்டினர். 1958இல் ரோசன்பிளாட் என்னும் அறிஞர் தம் பெர்செப்ட்ரான் வலையைக் கணிப்பொறியில் இயக்கினார். அதன்பின் இக்கலை இரு கிளைகளாய் வளர்ந்தது. ஒரு கிளை, மூளையின் சாயலை மட்டும் கொண்டு பயனுள்ள கருவிகளை ஆக்குவது; பேச்சை எழுத்தாக்கும் செயலிகளும், வினாவுக்கு விடை எழுதும் எந்திரங்களும் இக்கிளையின் கனிகள். இதற்கு அடித்தளமிட்ட ஹாப்பீல்டு, ஹின்டன் ஆகிய இருவர்க்கும் 2024இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மற்றொரு கிளை, உண்மையான நரம்பணுவின் மின்னோட்டத்தையும் வேதியியலையும் நுணுக்கமாகப் பின்பற்றி, மூளையை அறிந்துகொள்வதற்கென்றே மென்பொருள் எழுதுவது. நியூரான், ஜெனிசிஸ், நெஸ்ட் என்பன அவ்வகையில் பெயர்பெற்றவை.

இவ்விரண்டாம் கிளை நமக்கு அண்மையிலும் தழைத்துள்ளது. கலிபோர்னியாவில் ஜெனிசிஸ் மென்பொருளை ஆக்கியவர்களுள் ஒருவராகிய உபிந்தர் பல்லா, பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் மூஸ் என்னும் மென்பொருளை வளர்த்தார். நரம்பணுவின் மின்துடிப்பையும் அதனுள் நிகழும் வேதிவினைகளையும் ஒருங்கே கணக்கிடவல்லது அது. மைசூரிலிருந்து சில மணி நேரத்தில் சென்றடையும் ஊரிலே இத்தகைய ஆராய்ச்சி நடைபெறுகிறது என்பதை நம் கல்லூரி மாணவர் அறிந்திருத்தல் நலம். குன்னூரில் தாய்வீடு கொண்ட குடும்பத்தின் மகன் தாளில் எழுதிப் பார்த்த கருத்துக்கு, அம்மலைக்கு வடக்கே சில நூறு கிலோமீட்டரில் இன்று கணிப்பொறி வடிவம் கிடைத்திருக்கிறது.

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? குழந்தை ஆயத்தமான அறிவோடு பிறப்பதில்லை. கண்டவாறு இணைந்த இழைகளோடு பிறக்கிறது. எவ்விழை திறக்கும், எது அடையும் என்பதனைப் பெரும்பாலும் நாமே முடிவு செய்கிறோம். வீட்டில் பேசும் தமிழும், தெருவில் பழகும் கன்னடமும், பள்ளியில் பயிலும் ஆங்கிலமும் ஒரே இளமூளையில் ஒருங்கே இழைகளைத் திறக்கின்றன. அவற்றை ஒன்றுக்கொன்று பகையெனக் கருதுதல் வேண்டா. குழந்தைக்கு வேண்டுவது தன்னோடு பேச ஆள். தன் வினாவுக்குச் செவி. பெற்றோர்க்குப் பொழுதில்லையேல் அண்டை வீட்டாரும் சங்கத்தாரும் அக்குறையை நிரப்பலாம். பிறந்த ஊரை விட்டு வந்தோர் கூடி ஒரு சங்கம் அமைப்பதன் பொருளும் இதுவே அன்றோ?

மற்றொன்றும் உண்டு. நம்மிடையே வேறுபட்ட இயல்புடையோர், தனித்து நிற்போர், திக்கிப் பேசுவோர், விளங்காத வினாக்களைக் கேட்போர் எவராயினும், அவரைப் புறத்தே தள்ளிவிடாதிருத்தல் நம் கடமை. ஒருவரைத் தள்ளும்போது அவரோடு எதனை இழக்கிறோம் என்பது அந்நாளில் நமக்குத் தெரிவதில்லை. இங்கிலாந்து அதனைக் காலங்கடந்து அறிந்தது.

தமிழ் மண்ணிலே வேர் ஊன்றியிருந்த குடும்பத்தில் தோன்றி, உலகிற்கே அறிவூட்டிய ஆலன் டூரிங்கின் நினைவு வாழ்க!